காரீயத் தூதன்

டென்சில் யாப் தொலைபேசியில் சொன்னார்:
"உங்கள் ஆள் பள்ளத்தில் கிடக்கிறார்."
அவர் குரலில் துக்கமில்லை.
தோட்டக்காரருக்குப் புல்தரையைப் பற்றித்தான் கவலை.
மார்ச் மாதம். ஹியர்ஃபோர்ட்ஷயர் முழுக்க நசநசவென்று மழை.

கணுக்காலோடு அறுத்திருந்தார்கள்.
மூன்று பேராவது வந்திருக்க வேண்டும்.
ஓடுகிற கோலத்தில் நிற்பவனைத்
தூக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்திருக்கும்
காரீயம் ஓடாது என்று.
நாற்பது தப்படி இழுத்த தடம்,
வேலியில் ஒரு பொத்தல்,
அப்புறம் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.
(ஒருவனுக்காவது முதுகு பிடித்திருக்கும்.)
சேற்றில் குப்புறக் கிடந்தான்
தேவர்களின் தூதன்.
தொப்பியின் இடது சிறகில்
தவளை முட்டை.

பட்டறைக்குக் கொண்டுவந்து மல்லாத்தினேன்.
பூச்சைச் சுரண்டிப் பதினேழு அடுக்கு எண்ணினேன்.
வெள்ளை, மணல் தூவிய வெள்ளை,
யாரோ ஒரு சீமாட்டிக்குப் பிடித்த தேன் நிறம்,
மறுபடி வெள்ளை.
விருந்தாளிகள் பளிங்கு என்று நம்ப வேண்டும்.
பளிங்குக்குக் கொடுக்கக் காசில்லை என்பதை
யாரும் மோப்பம் பிடித்துவிடக் கூடாது.
ஈயம் பூசின மாதிரியும் இருக்கணும்
பூசாத மாதிரியும் இருக்கணும் என்பார்களே,
இங்கே ஈயமே பூசிக்கொண்டு
ஈயமில்லாத மாதிரி
இருநூற்று எண்பது வருஷம் நின்றிருக்கிறது.

கிரேக்கன் ஒருவன் வெண்கலத்தில் வார்த்தானாம்.
அது போயிற்று.
ரோமாபுரிக்காரன் அதைப் பளிங்கில் செதுக்கினான்.
மூக்கு உடைந்தது.
மூக்கை யூகித்து ஒட்டவைத்து
இன்னொருவன் சாந்தில் அச்செடுத்தான்.
அச்சு கப்பலேறி லண்டன் வந்து
ஒரு புகைபிடித்த முற்றத்தில்
ஆட்டிடையர்கள், நரிகள், பூச்சாடிகள் நடுவே
இவனாக இறங்கியது.
விலை, எடைக்கு இவ்வளவு.
கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேரோ.
ஒருவன் அமெரிக்கா போய்
சண்டையில் துப்பாக்கி ரவையானான் என்று
மாளிகைக் கடிதமொன்றில் இருக்கிறது.
அவன் ஒருவன்தான்
நிஜமாகப் பறந்தவன்.

வயிற்றைத் திறந்தேன்.
உள்கம்பி துருவேறி வீங்கி
முழங்காலைப் பிளந்திருந்தது.
ஒற்றைக் கால்விரலில் நிற்கும் கடவுளுக்கு
கொல்லன் அடித்த இரும்பு வேண்டியிருக்கிறது.
இரும்பைச் சுற்றிக் களிமண், குதிரைமயிர்.
களிமண்ணில் ஒரு கட்டைவிரல் பதிவு.
என் விரலை வைத்துப் பார்த்தேன், பெரியதாக இருந்தது.
பன்னிரண்டு வயதுப் பையனாயிருக்கலாம்.
சோற்றுக்கு மணியடித்ததும் அழுத்திவிட்டு ஓடியிருக்கலாம்.
இந்தச் சிலையில் மூலம் என்று சொல்ல
அது ஒன்றுதான்.
துருப்பிடிக்காத எஃகை
அதன்மேல் படாமல் நுழைக்க
எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று.

அறக்கட்டளையிலிருந்து மிஸஸ் ஆர்க்ரைட் வந்தார்.
கோட்டைக் கழற்றவில்லை, எதையும் தொடவில்லை.
"நிமிர்த்திவிடலாம்தானே?"
பழைய வரைபடத்தில் அவன் வானத்தைப் பார்க்கிறான்.
காரீயம் ஆறிய பிறகும் முழுக்க உறைவதில்லை,
வருஷத்துக்கு மயிரிழை மயிரிழையாகச் சரியும்.
இப்போது அவன்
சாவி தொலைத்தவன்போலத் தரையைப் பார்க்கிறான்.
நிமிர்த்தினால் கழுத்து விட்டுப்போகும் என்றேன்.
அது பாதி உண்மை.

மாதம் ஒருமுறை நர்ஸ் என் ரத்தம் எடுக்கிறாள்.
கையுறை, முகமூடி, எல்லாம் போட்டும்
பிப்ரவரியில் ஆறு,
ஏப்ரலில் ஒன்பது.
"கொஞ்சம் விலகி இருங்க" என்கிறாள்.
தலையாட்டுகிறேன்.
நடுவில் ஏறிய மூன்று யாரென்று அவளிடம் சொல்லவில்லை.
சாயங்காலம் லக் ஆற்றுப் பாலம் தாண்டி
வீட்டுக்குப் போகிற வழி,
காரில் நான் மட்டும்.
சாலை காலி.
அறுபது மைல் வேகம்.